முதல் சம்பளத்துக்கு முன் ஒரு பாடம்
(குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்களைப் பார்த்திருப்பீர்கள். நம்மிடம் படித்த முகம் ஒன்றாவது அதில் இருக்கும். அப்படி ஒருவன் பொங்கல் விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தான். ஒப்பந்த வேலை எட்டு மாதத்தில் முடிந்துவிட்டது. தவணை கட்டாததால் பைக்கை எடுத்துப் போய்விட்டார்கள். "சம்பளம் எங்க போச்சுன்னே தெரியல டீச்சர்" என்றான். கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்த பையன். அவனுக்குச் சதவீதம் நடத்தியவள் நான்தான். சம்பளச் சீட்டை நடத்தவில்லை.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அதற்கென மூன்று பாடவேளை ஒதுக்கினேன்.

முதல் நாள் சம்பளச் சீட்டு. மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று கரும்பலகையில் எழுதினேன். வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், 1,800. இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 113. கைக்கு வருவது 13,087. "இவ்வளவு பிடிச்சுக்குவாங்களா?" என்றார்கள் பிள்ளைகள். பி.எஃப்.புக்காக நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது, கம்பெனி மாறினாலும் யு.ஏ.என். எண் மாறாது, இ.எஸ்.ஐ.யில் குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு என்று விளக்கிய பிறகு முகம் மாறியது.

இரண்டாம் நாள் ஒரு தவறு செய்தேன். வீட்டு வரவு செலவை எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவி வெற்று நோட்டை நீட்டினாள். வீட்டில் வார வட்டிக் கடன். அதை அவள் எப்படி எழுதுவாள்? அன்றே அதைக் கைவிட்டேன். கணக்குக்குக் கற்பனைத் தொழிலாளி ஒருவரே போதும்.

மூன்றாம் நாள் அந்த 13,087 ரூபாயைக் குழுவாகப் பங்கிட்டார்கள். வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது, போன், தவணை. சேமிப்பைக் கடைசியில் எழுதிய குழுக்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. முதல் வரியிலேயே 1,000 எழுதிவிட்டு மற்றதைப் பங்கிடச் சொன்னேன். பிறகு, 'ஆறு மாதத்தில் வேலை நின்றது' என்று ஒரு சீட்டைக் கொடுத்தேன். பைக் தவணை எழுதியிருந்த குழுவுக்குச் சேர்த்த 6,000 ரூபாய் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அவர்கள் கணக்கு எழுதிப் பழக அதுவே போதும்.

அந்தப் பையன் இப்போது வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். "பழைய யு.ஏ.என். நம்பரைக் கொடுத்தியா?" என்று கேட்டேன். "மொத நாளே கொடுத்துட்டேன் டீச்சர்" என்றான்.