ஹெல்லை இழந்த ரோட்வாங்

திரையில் உலவும் பித்தேறிய விஞ்ஞானிகளுள் மூத்தவன் ஒருவன், பிரிட்ஸ் லாங் 1927இல் அளித்த 'மெட்ரோபோலிஸ்' படத்து ரோட்வாங். அவன் காதலித்த ஹெல், நகரை ஆளும் பிரெடர்சனை மணந்து, மகனை ஈன்று மாண்டாள். அவளை மீட்கவே இயந்திரப் பெண்ணைப் படைத்தான். அம்முயற்சியில் வலக்கையையும் இழந்தான். அமெரிக்காவில் படத்தைச் சுருக்கியவர்களோ, அப்பெயர் ஆங்கிலத்தில் நரகமென ஒலிக்கிறதென்று ஹெல்லின் கதையையே நீக்கிவிட்டனர். துயரம் போயிற்று, கலைந்த தலையும் கறுப்புக் கையுறையும் எஞ்சின. உலகம் நெடுங்காலம் கண்டது இந்த வெறும் பித்தனைத்தான். 1964இல் குப்ரிக்கின் ஸ்ட்ரேஞ்ச்லவ் கையிலும் அத்தகைய கையுறையே! 2008இல் புவெனஸ் ஐரிஸில் நீண்ட பிரதியொன்று வெளிப்பட்டது. 2010இல் திரையிடப்பட்ட செப்பனிட்ட வடிவில், ஹெல்லின் சிலையருகே பிரெடர்சனைக் கண்டு ரோட்வாங் கொதிக்கிறான். அவள் இறக்கவேயில்லை என்கிறான்.