இறைப்பும் எரிபொருளும்



தோட்ட இறைப்புக்கு எச்சக்தி நன்று என்று கேட்டீர்கள். மண்ணெண்ணெய் இயந்திரத்தை எங்கும் தூக்கிச் செல்லலாம், இரவிலும் இயக்கலாம். ஆயின் 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறிய விலையை மறந்தோர் இச்சபையில் இரார்.

மின்சாரம் தூயது என்பர். கம்பியில் வரும்போது தூயதே; அது பிறக்கும் இடத்தின் நிலையைச் சுன்னாகத்தாரிடம் கேளுங்கள். அங்கே எண்ணெயால் இயங்கிய மின்நிலையத்தின் கழிவு கிணறுகளிற் கலந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. நட்டஈட்டினால் கிணறு தூயதாகிவிடாது என்பதை வழக்கறிஞனாகவே கூறுகின்றேன். நுரைச்சோலை அனல் நிலையமோ கப்பலில் வரும் நிலக்கரியை நம்பியுள்ளது. மலைநாட்டு நீர்மின்சாரம் மழையை நம்பியுள்ளது.

சூரிய ஒளியையே நான் ஆதரிக்கின்றேன். பகலில் இறைப்பதற்கு மின்கலமும் வேண்டியதில்லை. முதற்செலவு பெரிது, மாரி முகிலில் வலு குன்றும். இவை பொறுக்கத்தக்கவை. நான் அஞ்சுவது வேறொன்றை. எண்ணெய்ச் செலவு அற்றால் இயந்திரத்தை நிறுத்த எவருக்கு மனம் வரும்? யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லினுள் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. அளவுமீறி இறைத்தால் உவர் மேலெழும். பின்னர் வெங்காயமும் இல்லை, குடிநீரும் இல்லை.

ஆகவே, சூரியத் தகடு வந்திறங்குமுன் ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் கிணற்றுக்கு இத்தனை மணிநேர இறைப்பு என எழுத்தில் விதித்துக்கொள்ள வேண்டும். அப்பிரேரணையை இன்றே இச்சபை முன் வைக்கின்றேன்.