பழனி மலைக் குடிப்பெயர்கள்: குன்னுவர், பளியர், புலையர்

ஒரு குடியின் பெயருக்கு வேர் காண முற்படுவோர், பொருள் இனிமையாக அமைகிறதா என்று பார்ப்பதற்கு முன்னர், ஒலி மாற்றம் அதற்கு இடம் தருகிறதா என்பதையும், அப்பெயரால் முதலில் அழைத்தவர் யார் என்பதையும் ஆராய வேண்டும். பால்டிக் கடலோரத்து ஜெர்மானியக் குடிகளைப் பற்றிய ஆய்வு இவ்வழியிலேயே வளர்ந்தது. கி.பி. 98இல் டாசிட்டஸ் எழுதிய 'ஜெர்மானியா'வில் இடம்பெறும் ரூகியர் என்னும் பெயரை ரை என்னும் தானியத்தோடும், பர்கண்டியர் என்னும் பெயரை 'உயர்ந்தது' எனப் பொருள்படும் வேர்ச்சொல்லோடும் அறிஞர் இணைப்பர். போர்ன்ஹோம் தீவின் பழம்பெயரிலும் அந்த இரண்டாவது வேர் காணப்படுகிறது.

உயரத்தால் பெயர் பெற்ற குடி பழனி மலையிலும் உண்டு. 'குன்று' என்பது பேச்சில் 'குன்னு' ஆவது, 'கன்று' என்பது 'கன்னு' ஆவதைப் போன்ற இயல்பான திரிபாதலால், குன்னுவர் என்னும் பெயரை விளக்குவதில் சிக்கல் இல்லை. மலைவாழ்நரைக் 'குன்றவர்' என்னும் வழக்கும் தமிழில் மிகத் தொன்மையானது. வேளாண் குடியினரான இவர்கள் கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து மலையேறியவர்கள் என்னும் மரபை, 1868இல் வெளிவந்த மதுரை நாட்டு வரலாற்று நூலில் நெல்சன் குறித்துள்ளார். அம்மரபு உண்மையாயின், இப்பெயர் குடியேற்றத்துக்குப் பின்னர் பிறந்ததாகவே இருத்தல் வேண்டும். ஏனெனில் மலையையே உலகமாகக் கொண்டவருக்கு மலையால் தம்மைப் பிரித்துக் காட்டும் தேவை எழுவதில்லை, கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கே அது எழுகிறது.

தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்த பளியரின் பெயரோ எளிதில் பிடிபடுவதில்லை. 'பழையர்', அதாவது தொல்குடியினர் என்பதே பளியர் ஆயிற்று என்பது பரவலான விளக்கம். தென்வட்டாரப் பேச்சில் ழகரம் ளகரமாவதால் முதற்பாதி பொருந்துகிறது. ஆயினும் மலையர், வலையர் முதலிய பெயர்களில் யகரத்துக்கு முன் நின்ற ஐகாரம் இகரமாகாதிருக்க, பழையர் என்பதில் மட்டும் அது ஏன் இகரமாயிற்று என்பதற்கு விடை வேண்டும். பழனியிலிருந்தே பெயர் வந்தது என்போர், இடையிலுள்ள னகரம் எங்கே போயிற்று என்று காட்ட வேண்டும். அன்றியும், சங்கப் பாடல்களில் ஆவியர் குடிக்குரிய ஊராகக் குறிக்கப்படும் பொதினியே இன்றைய பழனி என்று கொண்டால், பழனி என்னும் வடிவமே பிற்பட்டதாகி, அதிலிருந்து பிறந்த குடிப்பெயர் இன்னும் பிற்பட்டதாகிவிடும். இரண்டனுள் முதலாவதே ஓரளவு வலியுடையது. எனினும் அதனை நிறுவப்பட்டதாகக் கொள்வது தகாது. 'பழையர்' என்பது சமவெளியார் மலைமக்கள்மேல் கொண்ட எண்ணத்தையும் காட்டுகிறது. முதுவர் என்னும் மலைக்குடிப் பெயருக்கும் 'முதுமை' என ஒரு விளக்கமும், முதுகில் சுமந்தோர் என மற்றொன்றும் வழங்குவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

புலையர் என்னும் பெயரைப் 'புலம்', அதாவது நிலம் என்பதோடு சிலரும், 'புலால்' என்பதோடு சிலரும் இயைப்பர். குன்னுவரின் நிலங்களில் இம்மக்கள் நெடுங்காலம் கட்டுண்டு உழைத்தனர். பெயரில் படிந்த இழிவு வேர்ச்சொல்லிலிருந்தன்றி அந்த அடிமை நிலையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஆகவே புலால் என்னும் விளக்கத்தைத் தக்க சான்றின்றி நூலுக்கு நூல் எடுத்தெழுதுவது அம்மக்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

எழுத்துவடிவமும் வேரை மறைக்கும். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் பளியர் 'பள்ளியர்' என ளகரம் இரட்டித்து இடம்பெற்றுள்ளனர். சிற்றூரைக் குறிக்கும் 'பள்ளி' என்னும் சொல்லை நினைவூட்டும் இவ்வடிவம், ஆவணங்களை மட்டும் நம்பும் ஆய்வாளரை மூன்றாவதொரு வேரைத் தேடச் செய்யக்கூடும். காட்டில் வழங்கும் பெயரோ ஒற்றை ளகரத்தோடு பளியர் என்றே இருந்து வருகிறது.