குழந்தைக்குக் குளிரா, வெப்பமா?



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கைக்குழந்தையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளியில் சேர்ப்பதற்குப் பிள்ளை முதலில் பிழைத்திருக்க வேண்டுமன்றோ? 1928-ஆம் ஆண்டிலேயே பம்பாய்ச் சட்டசபையில் மகப்பேற்று நல மசோதாவை ஆதரித்துப் பேசியவர் நம் அண்ணல் அம்பேத்கர்.

பிறந்த குழந்தை நம்மைப் போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள இயலாதது. கழுத்தையும் தோள்களையும் சுற்றியுள்ள ஒருவகைப் பழுப்புக் கொழுப்பை எரித்தே அது வெப்பம் பெறுகிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு அந்த இருப்பும் சொற்பம். நிறைமாதத்திலும் நாற்று நட்ட பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் என்பதை இங்குள்ளோர் அறிவர்.

ஆகவே தொட்டறியக் கற்போம். புறங்கையை முதலில் குழந்தையின் வயிற்றிலும் பின்பு பாதத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பாயின் குறையில்லை. வயிறு வெதுவெதுத்துப் பாதம் சில்லிட்டிருப்பின், குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. இரண்டும் சில்லிட்டிருப்பின் ஆபத்து. தாயின் வெற்று மார்போடு அணைத்து, மேலே போர்த்தி, அந்நிலையிலேயே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வெப்பமானியை அக்குளில் வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு.

பிறந்தவுடன் குளிப்பாட்டும் வழக்கமும் தீங்கே. ஒரு நாளேனும் பொறுத்தல் நலம். தீட்டுக் கழிக்க என்கிறார்கள்! பிறர் நம்மீது சுமத்திய அச்சொல்லை நம் பிள்ளைமீது நாமே சுமத்தலாமா?

இனி வெப்பம். சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், சளி பிடிக்குமென்று குல்லாயும் கம்பளியும் சுற்றுவோர் நம்மில் உண்டு. பிடரியில் வியர்வை, சிவந்த முகம், விரைந்த மூச்சு, கொதிக்கும் வயிறு ஆகியவை மிகை வெப்பத்தின் குறிகள். துணியைத் தளர்த்திக் காற்றோட்டமான இடத்தில் கிடத்தி, அடிக்கடி தாய்ப்பால் ஊட்டவேண்டும். ஆறு மாதம்வரை தண்ணீர் வேண்டா. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ இருப்பின், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மார்போடு அணைக்கும் முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப் பேழைகள் போதாத மருத்துவமனை ஒன்றில் தோன்றியது. இன்று செல்வ நாடுகளும் கைக்கொள்கின்றன. இளைஞர்களே, தாய் எழ இயலாதபோது தந்தையின் மார்பும் அவ்வெப்பத்தைத் தரும். கூசாமல் சட்டையைக் கழற்றுங்கள்.