கண்ணின் நீளத்தை அளக்கும் ஒலி

1826ஆம் ஆண்டில் ஜெனீவா ஏரியில் இரண்டு படகுகள் நெடுந்தூரம் விலகி நின்றன. ஒன்றிலிருந்து நீருக்கடியில் மணி அடிக்கப்பெற்றது. அதே கணத்தில் வெடிமருந்தும் கொளுத்தப்பெற்றது. மற்றைய படகிலிருந்த கொலடன் என்பார், ஒளியைக் கண்டதற்கும் ஒலியைக் கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறித்து, நீரில் ஒலி செக்கனுக்கு 1435 மீற்றர் செல்கின்றதெனக் கணித்தார். வளியிற் செல்வதினும் இது நான்கு மடங்கிற்கு மேல்.

ஏரி நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 8 பாகையே. மனித உடலின் சூட்டிலுள்ள நீரிலோ அவ்வேகம் 1520ஐத் தாண்டும். ஆகவே, உடலின் இழையங்களில் ஒலியின் வேகத்தை அளப்போர் உடற்சூட்டிலேயே அளத்தல் வேண்டும். கொழுப்பில் அது சுமார் 1450. தசையில் சுமார் 1580. அமெரிக்கரான லட்விக் 1950இல் மென்னிழையங்களுக்கு வெளியிட்ட சராசரி 1540. வைத்தியசாலைக் கருவிகள் பெரும்பாலும் இன்றும் இவ்வெண்ணையே கொள்கின்றன.

இவ்வளவு நுட்பம் எதற்கென்று கேட்கலாம். கருவி உண்மையில் தூரத்தை அளப்பதில்லை. செவிக்கு எட்டாத கழியொலியை அனுப்பி, எதிரொலி மீளும் நேரத்தையே அளக்கின்றது. வேகம் பிழைத்தால் தூரமும் பிழைக்கும்.

கண்ணையே எடுத்துக்கொள்வோம். கண்புரை முற்றியவரின் வில்லையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தும் முறையை இலண்டனில் ரிட்லி 1949இல் தொடங்கினார். எவ்வளவு வலுவுள்ள வில்லை வேண்டும்? கண்ணின் நீளம் தெரிந்தாலன்றிச் சொல்ல இயலாது. செக்கனுக்கு ஒரு கோடி முறை அதிரும் ஒலி, ஏறத்தாழ 23 மில்லிமீற்றர் நீளமான கண்ணுட் புகுந்து மீள ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பகுத்ததில் 30 பங்கு போதும். நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் வில்லையின் வலுவில் ஏறத்தாழ இரண்டரை டயொப்டர் பிழைக்கும். நோயாளி மீண்டும் தடித்த மூக்குக்கண்ணாடியை நாட நேரும்.

1962இல் யான்சனும் கொக்கும் கண்வில்லைக்கு 1641, கண்ணின் உள்ளிருக்கும் பாகுக்கு 1532 என வேகங்களை வகுத்தனர். இவையும் எல்லாக் கண்ணுக்கும் பொருந்தா. விழித்திரைச் சிகிச்சைக்காகச் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய கண்ணில் ஒலி சுமார் 1000 மீற்றர் வேகத்திலேயே ஊரும். அதனைத் திருத்தாது விட்டால், எண்ணெயுள்ள பகுதி உள்ளதினும் ஒன்றரை மடங்கு நீண்டதாகத் தோன்றும்!

இந்நாளில் ஒளியாலும் கண்ணின் நீளத்தை அளக்கின்றனர். எனினும் புரை மிக முற்றிய கண்ணில் ஒளி நுழையாது. அங்கே வைத்தியர் கையிலெடுப்பது ஒலியைத்தான்.