ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் பட்டறை

பொறியியல் மாணவர்கள் படிப்புக்கு நடுவிலேயே ஆலைக்குப் பயிற்சிக்குப் போகிறார்களே, அந்த முறையை அமெரிக்காவில் தொடங்கியவர் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர். 1906-இல், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில், 27 மாணவர்களோடு ஆரம்பித்தார். மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்தார். ஓர் அணி வகுப்பில் இருக்கும் வாரம், மற்ற அணி பட்டறையில் இருக்கும். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். அதனால் இயந்திரத்தின் முன்னால் எப்போதும் ஆள் உண்டு, முதலாளிக்கு வேலை தடைபடாது. செய்த வேலைக்கு மாணவர்களுக்குக் கூலியும் உண்டு. இந்தக் கூலிதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. சம்பளம் வாங்கும் பையனை யாரும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள். கடைசல் இயந்திரத்தில் நிறுத்தி வேலை வாங்குவார்கள். நம் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பிலும் வகுப்பும் தொழிற்சாலையும் கலந்து வருகின்றன.