பசித்த பிள்ளையும் பார்க்கும் கண்ணும்

திருகோணமலையைப் பற்றிப் பேச முற்படுவோர் பெரும்பாலும் அதன் துறைமுகத்தின் ஆழத்தையும் கோணமாமலையின் உயரத்தையும் பற்றியே பேசுவர். நான் இன்று பேசப்போவது, அந்தத் துறைமுக நகரத்திலே பஸ் நிலையத்தின் வாங்கிலும், மீன் சந்தையின் ஓரத்திலும், வைத்தியசாலை வரிசையிலும் நாள்தோறும் நிகழும் ஒரு சிறு காரியத்தைப் பற்றி. கைக்குழந்தை பசித்து அழுகின்றது. தாய் அதற்குப் பால் கொடுக்க வேண்டும். சுற்றிலும் மனிதர் இருக்கின்றனர். அந்த வேளையில் தாய் என்ன செய்கின்றாள், சுற்றியிருப்போர் என்ன செய்கின்றனர் என்பதே இப்பேச்சின் பொருள்.

சிறு காரியந்தானே என்று தள்ளிவிடுவதற்கில்லை. பிறந்து சில வாரங்களேயான குழந்தை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதன் இரைப்பை சிறியது. தாய்ப்பாலோ விரைவிற் செரிப்பது. ஆகவே இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதற்குப் பசி எடுக்கும். தம்பலகாமத்திலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ பட்டினத்துக் கிளினிக்குக்கு வருகின்ற தாய், வந்து, காத்திருந்து, வீடு திரும்புவதற்குள் பிள்ளை இருமுறையாவது அழுதுவிடும். கொழும்புக்குப் போகும் பஸ் வண்டியோ ஏறத்தாழ 260 கிலோமீற்றர் ஓடவேண்டும். ஆதலால், "வீட்டில் வைத்துக் கொடுக்கலாமே" என்று சொல்வது, "வீட்டை விட்டு வெளியே வராதே" என்று தாய்க்குச் சொல்வதாகும். அல்லது, "பிள்ளையை அழவிடு" என்று சொல்வதாகும். மூன்றாவது வழியொன்றும் உண்டு, அது போத்தல். அதனைப் பற்றிப் பின்னர் கூறுவேன்.

பலர் இருக்குமிடத்திற் பால் கொடுப்பதை வெட்கக்கேடாக எண்ணும் வழக்கம் நமக்குப் பரம்பரையாக வந்தது என்று பலர் கருதுகின்றனர். நமது பழமை அப்படிக் கூறவில்லை. கோணேசர் பெருமானைப் பாடிய திருஞானசம்பந்தரை நாம் அறிவோம். அவர் இவ்வீழநாட்டுக்கு வந்தாரல்லர். இராமேச்சரத்திலிருந்தே திருக்கோணமலையைப் பாடினார் என்று பெரியபுராணம் கூறும். அப்பிள்ளையின் வரலாறு எங்கே தொடங்குகின்றது? சீகாழிக் கோயிற் குளக்கரையில், மூன்று வயதுக் குழந்தையின் அழுகையிலே தொடங்குகின்றது. உமையம்மை பொற்கிண்ணத்திலே தன் பாலைக் கறந்து அக்குழந்தைக்கு ஊட்டினாள். குளக்கரை நாலுபேர் வந்துபோகும் இடம். கரையேறி வந்த தந்தையார் பிள்ளையின் வாயிற் பால் வழியக் கண்டு, யார் கொடுத்த பாலை உண்டாய் என்று சினந்து கோலை ஓங்கினார். பிள்ளையோ தாயையும் தந்தையையும் சுட்டிக் காட்டிப் பாடியது. நம் சமயத்தின் மிகப் பெரிய கதைகளுள் ஒன்றிலே, பசித்த பிள்ளைக்குப் பால் கொடுத்தது அருள் எனப்படுகின்றது. கோல் ஓங்கிய கைதான் கீழே இறங்கவேண்டியதாயிற்று.

இம்மாவட்டத்திலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இம்மூவர் மரபும் இவ்விடயத்தில் ஒன்றுபடுவது கவனிக்கத்தக்கது. தாய்மார் தம் மக்களுக்கு இரண்டு ஆண்டுகள் நிறைவாகப் பாலூட்டுவதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கின்றது. ஒரே தாயிடம் பால் குடித்த இருவர், வேறு வேறு வயிற்றிற் பிறந்தவராயினும், தம்முள் மணஞ்செய்தல் ஆகாதென்று இஸ்லாமிய நெறி விதிக்கின்றது. பாலுக்கு அவ்வளவு உறவுரிமை உண்டு. சிங்கள மக்களிடையே, பால் தரும் தாய் என்று பொருள்படும் 'கிரி அம்மா' என்னும் சொல் பாட்டியையும் குறிக்கும், தெய்வத்தையும் குறிக்கும். பிள்ளைகளின் நலம் வேண்டி ஏழு தாய்மாரை அழைத்து அமுதளிக்கும் கிரி அம்மா தானம் இன்றும் அவர்களிடம் உண்டு. இத்துணை மதிப்பைப் பெற்ற செயல், பஸ் நிலையத்து வாங்குக்கு வந்தவுடன் மட்டும் மதிப்பிழப்பது எப்படி?

முன்னாளிலும் மானம் என்ற ஒன்று இருந்தது. ஆனால் அதைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதே கேள்வி. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அக்கடல்நீரேரியை மக்கள் 'பாதை' என்று தாம் வழங்கிய மிதவையிலேதான் கடந்தனர். கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்குப் போவோர் இயந்திரப் படகில் நெருங்கியிருந்து சென்றனர். படகிலே ஒதுங்குவதற்கு அறை ஏது? பிள்ளை அழுதால் தாய் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு அணைத்துக்கொள்வாள். அயலிலிருந்த கிழவி, "மகள், இப்படித் திரும்பியிருந்து பாலைக் குடு" என்று சற்று நகர்ந்து இடங்கொடுப்பாள். ஆடவர் கடலைப் பார்ப்பர். அல்லது தம் பேச்சைத் தொடர்வர். கண்டும் காணாதிருத்தல் என்பது அவர்கள் கற்ற பண்பு. பார்ப்பவன் தன் கண்ணை விலக்கிக்கொள்வதே மானம் என்று அவர்கள் கொண்டிருந்தனர். இன்றோ அப்பொறுப்பு முழுவதையும் தாயின் தலையிலே சுமத்தியிருக்கின்றோம். முறைத்துப் பார்ப்பவனை யாரும் கேட்பதில்லை. பால் கொடுப்பவளையே எழுந்து போகச் சொல்கின்றோம்.

இம்மாற்றம் நிகழ்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. ஆடை மாறியது. சேலை தானே ஒரு திரை. பிற்காலத்து உடைகள் பலவற்றில் அவ்வசதி இல்லை. படகில் நம்மோடு வந்தவர் அறிந்த முகத்தவர். நகரத்துப் பஸ் வண்டியில் வருவோரோ அயலார். இவற்றுக்கு மேலாக, பெண்ணுடம்பைக் காட்டிப் பொருள் விற்கும் வழக்கம் பெருகியது. பஸ் நிலையத்துச் சுவரிலே திரைப்படத்து நடிகையின் படம் ஆளுயரத்துக்கு ஒட்டப்பட்டிருக்கும். அதனை ஒருவரும் கடிந்துரைப்பதில்லை. அச்சுவரின் கீழே அமர்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாயைக் கண்டால் மட்டும் நமக்கு ஒழுக்கம் நினைவுக்கு வருகின்றது. விற்பனைக்காகக் காட்டினாற் குற்றமில்லை, பிள்ளையின் பசிக்காக மறைத்துக் கொடுத்தாற் குற்றம் என்றால், கோணல் நமது பார்வையிலேயே இருக்கின்றது.

இக்கூச்சத்தினால் விளையும் தீங்கு மனத்தளவில் நிற்பதன்று. அது உடம்பிலும் செயற்படுகின்றது. பிள்ளை உறிஞ்சும்போது தாயின் மூளையிலிருந்து ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன் சுரக்கின்றது. அதுவே மார்பிற் சேர்ந்துள்ள பாலை வெளியே செலுத்துகின்றது. அச்சமும் பதற்றமும் வெட்கமும் அச்சுரப்பைத் தடைசெய்ய வல்லன. பலர் கண்ணும் தன்மேற் படுகின்றதே என்று ஒரு தாய் குன்றிப் போகும்போது, பால் இருந்தும் இறங்காது. பிள்ளை மேலும் அழும். தாய் மேலும் கலங்குவாள். மற்றொன்றும் உண்டு. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். வெளியே சென்ற வேளையெல்லாம் கொடாது தவிர்த்து வந்தால், ஊறுவதும் நாளடைவிற் குறையும். பின்னர், "எனக்குப் பால் போதாது" என்று தாய் வருந்துவாள். போதாமற் செய்தவர்களுள் நாமும் இருக்கின்றோம்.

இவ்விடத்திலேதான் போத்தல் வருகின்றது. வைத்திய காரணங்களால் தாய்ப்பால் கொடுக்க இயலாத தாய்மாரும் உளர். தாயை இழந்த குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குப் பால்மா வேண்டியதே. அவர்களை யாரும் குறைகூறலாகாது. ஆனால் கூச்சத்துக்கு மருந்தாகப் போத்தலை நாடுவது வேறு. சுத்தமான நீரும், கொதிக்கவைக்கும் வசதியும், சரியான அளவும் இல்லாத இடத்திலே போத்தற்பால் வயிற்றோட்டத்துக்கு வாயில். சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் 1939ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டுப் பேசி, தாய்ப்பாலுக்குப் பதிலாகத் தகாத பாலைப் புகுத்துவோரைக் கண்டித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின், 1981இல், உலக சுகாதாரப் பேரவை பால்மா விற்பனைக்கான சர்வதேச நெறிக்கோவையை ஏற்றது. இலங்கை தனக்கென ஒரு நெறிக்கோவையை 1983இல் வகுத்து, 2002இல் அதனை வலுப்படுத்தியது.

நம் நாடு இத்துறையிற் பெருமைப்படத்தக்க நிலையில் இருக்கின்றது. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாதர் செய்த தொண்டின் பயன் அது. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் ஒன்றையே உண்டனர். இந்த எண்ணிக்கையைக் கட்டிக்காத்தவர்கள் தாய்மார். அவர்களுக்கு வெளியிடத்திலே ஓர் இருக்கையும் ஒரு நல்ல பார்வையும் கொடாது, எண்ணிக்கையை மட்டும் நாம் கொண்டாடுவது முறையாகாது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கிவந்தபோது, மூதூரும் கிண்ணியாவும் பட்ட பாட்டை இம்மாவட்டத்தார் மறவார். வீடிழந்தோர் பள்ளிக்கூடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் தங்கினர். சுவர் இல்லை, திரை இல்லை, நல்ல தண்ணீர் இல்லை. அத்தகைய இடத்திலே கைக்குழந்தைக்குப் பழுதில்லாத உணவு தாயின் மார்பிலே மட்டுந்தான் இருக்கும். நூறு பேர் நடுவே பால் கொடுக்கத் தயங்காத தாயின் பிள்ளையே அங்கு பிழைக்கும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்றதும் அண்மைக்கால நிகழ்ச்சியே. நெருக்கடி வந்தபின் இப்பழக்கத்தைக் கற்க இயலாது. நல்ல காலத்திலேயே அது நம்மிடம் இயல்பாக இருக்கவேண்டும்.

பிற நாடுகள் என்ன செய்தன? ஸ்கொட்லாந்திலே 2005ஆம் ஆண்டுச் சட்டம், பொது இடத்திற் பிள்ளைக்குப் பாலூட்டுவதைத் தடுப்பதையே குற்றமாக்கியது. தமிழ்நாட்டில் 2015இல் பஸ் நிலையங்களில் தாய்மார் பாலூட்டுவதற்கென அறைகள் திறக்கப்பட்டன. கேரளத்தில் 2018இல் ஒரு மலையாளச் சஞ்சிகை, பாலூட்டும் பெண்ணின் படத்தை அட்டையிலே வெளியிட்டது. அது ஆபாசமென்று வழக்குத் தொடுத்தனர். அதில் ஆபாசம் இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமது நாட்டிலும் 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பிற்காலத் திருத்தங்களோடு, தொழில் செய்யும் தாய்க்குப் பிள்ளை ஒரு வயது அடையும் வரை பாலூட்டும் இடைவேளை இரண்டை வேலைநாளிலே அளிக்கின்றது. குழந்தை காப்பகம் உள்ள இடத்தில் அரை மணித்தியாலம். இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம். இவ்வுரிமையைத் தொழில் கொடுப்போர் மதித்து நடக்கவேண்டும். தாய்மாரும் இதனை அறிந்திருக்கவேண்டும்.

தனியறை நல்லதே. தனிமையை விரும்பும் தாய்க்கு அது கட்டாயம் வேண்டும். அங்கே கதவும், காற்றும், சாய்ந்திருக்க ஆசனமும், கைகழுவ நீரும் இருக்கவேண்டும். மலசலகூடத்தைக் காட்டி "அங்கே போ" என்பது ஒருபோதும் தகாது. நாம் உணவருந்தாத இடத்திலே ஒரு குழந்தை ஏன் உணவருந்த வேண்டும்? ஆயினும் ஓர் எச்சரிக்கை. அறை கட்டிவிட்டோம் என்ற காரணத்தால், அறைக்கு வெளியே பால் கொடுப்பவள் நெறி தவறியவள் என்ற எண்ணம் தோன்றிவிடக் கூடாது. ஓடும் பஸ் வண்டியில் அறை இல்லை. கருவாடு காயப்போடும் கடற்கரையில் அறை இல்லை. கோணேசர் மலைப்படியிலும் அறை இல்லை. அறை கட்டமுடியாத இடமெங்கும் தாய்க்கு அறையாக நிற்கவேண்டியது அயலாரின் பண்பு.

அப்பண்புக்குப் பணம் வேண்டியதில்லை. பஸ் நடத்துநர் ஓர் ஓர இருக்கையை ஒழித்துக் கொடுக்கலாம். கடைக்காரர் கடையின் உள்ளே ஒரு கதிரையைப் போட்டுவிடலாம். உடன்வரும் கணவன், "பிறகு கொடுக்கலாம், ஆட்கள் பார்க்கிறார்கள்" என்று மனைவியை அடக்காமல், பையையும் குடையையும் தான் வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்கலாம். மாமியார் முகஞ்சுளிக்காதிருந்தாற் போதும். மருமகளுக்குப் பாதித் துணிவு வந்துவிடும். முறைத்துப் பார்க்கும் இளைஞனை, அருகிலிருக்கும் பெரியவர் ஒரு சொல்லால் திருத்தலாம். பிள்ளைகள் கேட்டால், "தம்பி பால் குடிக்கிறான்" என்று இயல்பாகச் சொல்லிவிடலாம். இயல்பாகச் சொல்லக் கேட்டு வளரும் சிறுவன் நாளை முறைத்துப் பார்க்கமாட்டான்.

தாய்மாருக்கும் ஒன்று சொல்லலாம். மறைத்துக் கொடுப்பதும் ஒதுங்கிக் கொடுப்பதும் உங்கள் விருப்பம். அதைப் பிறர் விதிக்கலாகாது. ஆனால் பிள்ளையின் பசிக்காக எவரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை.

நேயர்களே, பசிக்கு நேரமும் இடமும் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு நடக்கவேண்டியவர்கள் வளர்ந்தவர்களாகிய நாம். இனி ஒரு வழிப்பயணத்திலே உங்கள் அருகில் ஒரு குழந்தை அழுது, பின் அதன் அழுகை மெல்ல அடங்கினால், அங்கே ஒரு தாய் தன் கடமையைச் செய்கின்றாள் என்று கொள்ளுங்கள். சற்றே நகர்ந்து இடங்கொடுத்து, முகத்தைச் சாளரத்துப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். உங்கள் கடமை அதனோடு நிறைவெய்தும்.